வெள்ளைத் தாளின் நான்காவது வரி

ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய மருத்துவமனையில் நான் முப்பத்தோரு ஆண்டுகள் மருத்துவ சமூகப் பணியாளராக இருந்தேன். இந்த ஆண்டோடு அங்கே தாள்கள் நின்றுபோகின்றன. நோயாளி வந்து நின்றதும் பதிவு மேசையில் இருப்பவர் கையகலத் திரையைத் தொட்டு விவரங்களை ஏற்றுகிறார். மறுநொடியே அவை மருத்துவரின் அறையில் தெரிகின்றன. இந்த மாற்றத்தையொட்டி, ஓய்வு பெற்றவர்களின் அனுபவங்களைத் தொகுத்து ஒரு மலர் வெளியிடப்போவதாகச் சொல்லி என்னையும் அழைத்தார்கள். “மனசுக்கு நெறைவா இருந்த ரெண்டு மூணு சம்பவம் எழுதிக் குடுங்க மேடம், போதும்” என்றார் பதிவு மேசையில் இருக்கும் சுகன்யா. அழைத்த கையோடு திரையையும் காட்டினார்.

தொழில் என்ற இடத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விரிகிறது. நோயாளி பெண் என்று குறித்துவிட்டால் அந்தப் பட்டியலின் தலையில் ‘இல்லத்தரசி’ என்ற சொல் தானாகவே வந்து நிற்கிறது. ஏன் என்று கேட்டேன்.

“பழைய வெள்ளைச் சீட்டெல்லாம் பாத்துதான் மேடம் செட் பண்ணாங்க. முக்கால்வாசி அதான் இருந்திச்சி. நெறைய உங்க கையெழுத்துதான்.”

நிறைவான சம்பவங்களை வேறு யாரேனும் எழுதட்டும். நான் அந்தச் சொல் அங்கே எப்படி வந்தது என்பதை எழுதுகிறேன்.

சமூகப் பணியில் முதுகலை முடித்துவிட்டு வந்தவள் நான். இரண்டாண்டுப் படிப்பையும் ஓராண்டுக் களப் பயிற்சியையும் இப்போது நினைத்துப் பார்த்தால் மூன்று கட்டளைகளாகச் சுருங்குகின்றன. மனிதர் சொல்வதைக் கேள், கேட்டதை எழுது, எழுதுவதன் விளைவை எண்ணிப் பார். மற்ற இரண்டையும்விட மூன்றாவதை நான் நன்றாகக் கற்றேன். என் ஆசிரியர்கள் அதைப் பாராட்டினார்கள். பள்ளிகொண்டாவிலிருந்து பேருந்தில் வந்து இறங்கிய முதல் நாளிலேயே மருத்துவமனையும் அதைப் பாராட்டியது.

அந்த மருத்துவமனையின் அடிப்படை விதி ஒன்றே ஒன்று. தோல் பதனிடும் ஆலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் நிரந்தரமாக வேலை செய்து காப்பீட்டு அட்டை வைத்திருப்பவரும், அட்டையே இல்லாதவரும் ஒரே வரிசையில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்தும் ஒன்றுதான். வேறுபாடு தாளின் நிறத்தில் மட்டும் இருந்தது. அட்டைதாரர்களுக்கு மஞ்சள் தாள். மற்றவர்களுக்கு வெள்ளைத் தாள். இரண்டிலும் முதல் நான்கு வரிகள் ஒன்றே: பெயர், வயது, முகவரி, தொழில். மஞ்சள் தாளின் நான்காவது வரியில் தொழிற்சாலையின் பெயரும், பிரிவும், எத்தனை ஆண்டு என்பதும் அட்டையைப் பார்த்தே எழுதப்படும். வெள்ளைத் தாளின் நான்காவது வரி என் பொறுப்பு. நோயாளியோடு ஐந்து நிமிடம் பேசி, கேட்டு, நான்தான் எழுத வேண்டும்.

அந்த வரியை நம்பியே எங்கள் தலைமை மருத்துவர் குணசீலன் நோயாளியைப் பார்த்தார். அவர் பார்க்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நோயாளி உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார். பேனாவின் மூடியால் முதல் நான்கு வரிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே இறங்குவார். நான்காவது வரியில் மூடி சற்று நிற்கும். பிறகுதான் தலை நிமிரும். நிமிரும்போதே முதல் கேள்வி தயாராக இருக்கும். தாளில் சுண்ணாம்புக் குழி என்றிருந்தால் கைகளை நீட்டச் சொல்வார். சாயப் பிரிவு என்றிருந்தால் மூக்கின் உட்புறம் பார்ப்பார். ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கும் மனிதர் இப்படித்தான் நேரத்தைச் சேமிக்க முடியும். “உங்க நாலாவது வரிய நம்பித்தான் நான் பாதிக் கேள்விய விடறேன்,” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அதை நான் நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டேன். அது ஓர் எச்சரிக்கையும்கூட என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

தொடக்கத்தில் நான் கேட்டதை அப்படியே எழுதினேன். காலணியின் மேற்பகுதியை இந்தப் பக்கத்தில் அப்பர் என்பார்கள். வெட்டிய தோல் துண்டுகளை மூட்டையாகக் கட்டி ஏஜெண்டுகள் தெருத்தெருவாகக் கொண்டுவந்து போடுவார்கள்; பெண்கள் வீட்டிலிருந்தபடியே அவற்றைப் பசையிட்டு ஒட்டியும் தைத்தும் தருவார்கள். ஆற்றோரத் தெரு ஒன்றிலிருந்து வந்த பெண்களுக்கு நான், ‘வீட்டில் அப்பர் தைக்கும் வேலை’ என்று ஏஜெண்டின் பெயரோடு எழுதினேன். அட்டைதாரர்களுக்கும் நாங்கள் மருத்துவம் பார்த்ததால் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு குழு வந்து எல்லாத் தாள்களையும் புரட்டிப் பார்க்கும். அந்த ஆண்டு அவர்கள் வெள்ளைத் தாள்களையும் படித்துவிட்டு, இத்தனை பெண்கள் ஏன் எந்தப் பதிவும் இல்லாமல் வேலை செய்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். நியாயமான கேள்விதான். விசாரணை தெருவுக்கு வருவதற்கு முன் ஏஜெண்ட் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வேறு தெருவுக்குப் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்துக் கன்னியம்மா என்ற பெண் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அந்தத் தெருவில் மூட்டைகளைப் பங்கிட்டுக் கொடுத்தவர் அவர். உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

“ஒடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. ஒன்னப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். ஒன் எழுத்து ரொம்ப அழகாக்கீதாமே. ஆபீசருங்க சொன்னாங்களாம்.”

கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

“எங்க தெருவுல நாலு வாரமா மூட்டை வரல. இருவது வூடு. நீ எழுதறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?”

கேட்டிருக்கலாம்தான். அந்த வாரம் முழுவதும் இரு பக்கத்தையும் எடைபோட்டேன். ஒரு பக்கம், தாளில் ஒரு வரி. மறுபக்கம், இருபது வீடுகளின் வேலை. உண்மையை எழுதுவதால் அந்தப் பெண்களுக்கு ஒரு பாதுகாப்பும் வரவில்லை, இருந்ததும் போயிற்று. எனவே நான் ஒரு வழக்கத்தை உருவாக்கினேன். மூட்டை வேலை செய்யும் எந்தப் பெண்ணுக்கும் நான்காவது வரியில் ‘இல்லத்தரசி’ என்றே எழுதினேன். எனக்குக் கீழே பயிற்சிக்கு வந்தவர்களுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தேன். இதை ஓர் ஏமாற்றாக நான் ஒருபோதும் எண்ணவில்லை. கருணை என்றே எண்ணினேன். பெண்களும் அப்படியே எண்ணினார்கள். சில நாட்களில் என் மேசையில் கொய்யாப்பழம் இருக்கும்.

பல ஆண்டுகள் இது யாரையும் புண்படுத்தாமல் நடந்தது. அல்லது, புண்பட்டவர்கள் யார் என்று எனக்குத் தெரியாமல் நடந்தது.

தேவகியும் ஷகிலாவும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். நடுவில் ஒரே சுவர். தேவகி ஒரு காலணித் தொழிற்சாலையில் பசை தடவும் பிரிவில் இருந்தாள். காப்பீட்டு அட்டை உண்டு. ஷகிலாவின் வீட்டில் பெண்கள் ஆலைக்குப் போகும் வழக்கம் இல்லை; அவள் அதே பசையை, அதே மாதிரித் தோல் துண்டுகளுக்கு, வீட்டிலிருந்தபடி தடவினாள். அட்டை கிடையாது. முதலில் நோயாளியாக வந்தவள் தேவகிதான். ஷகிலா துணைக்கு வந்திருந்தாள். வந்தவள் பெஞ்சில் உட்கார்ந்த எல்லோருக்கும் கேட்கும்படி தோழியின் நோயை என்னிடம் விளக்கினாள்.

“இவ செருப்பத் தெருவுலயே வுட்டுட்டு வெறுங்கால்ல வூட்டுக்குள்ள வர்றா மேடம். எங்கடி செருப்புன்னா, கால்லதான இருக்குதுன்றா. பெரிய பேஜாரு இவளோட.”

“நீ சும்மா இருடி,” என்றாள் தேவகி. “ஒனக்கு வந்தா தெரியும்.”

குணசீலன் மஞ்சள் தாளின் நான்காவது வரியில் பேனா மூடியை வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்திருந்தார். பேஸ்டிங் பிரிவு, ஆறு ஆண்டு. நிமிர்ந்தவர் செருப்பைக் கழற்றச் சொன்னார். தரையில் ஓடுகளின் இணைப்புக் கோட்டின்மேல் ஒரு காலுக்கு முன் ஒரு கால் வைத்து நடக்கச் சொன்னார். கட்டிலில் உட்காரவைத்துக் கணுக்காலின் பின்புறம் சிறிய சுத்தியலால் தட்டினார்; பாதம் அசையவில்லை. தட்டினால் அதிரும் சிறிய உலோகக் கவையைப் பெருவிரலில் வைத்து, அதிர்வு நின்றதும் சொல் என்றார். அது நிற்பதற்கு வெகுமுன்பே தேவகி “நின்னுட்ச்சி” என்றாள். பாதத்தை மேல்நோக்கி மடக்கச் சொல்லித் தன் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்; இல்லை.

“எந்தப் பசைம்மா? ரூம்ல ஜன்னல் இருக்கா?”

“சொல்யூஷன் சார். பெரிய டப்பா. ஜன்னல் இருக்குது, ஆனா ஒரு ஃபேன் ஓடல.”

பசையைக் கரைக்கச் சேர்க்கும் திரவம் ஆவியாகி மூச்சோடு போய், கால் நரம்புகளை நுனியிலிருந்து அரித்துக்கொண்டே மேலேறும் என்று அவர் எனக்குப் பின்னர் விளக்கினார். மருந்தென்று தனியாக எதுவும் இல்லை. பசையை விட்டு விலகுவதே மருந்து. விலகிய பிறகும் இரண்டு மூன்று மாதம் மோசமாகிவிட்டுத்தான் நரம்பு திரும்பத் தொடங்கும். எவ்வளவு சீக்கிரம் விலகுகிறார்களோ அவ்வளவு முழுமையாகத் திரும்பும். அவர் எழுதிய கடிதத்தின் பேரில் தொழிற்சாலை அவளைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றியது. அடுத்த ஆண்டே தேவகி செருப்பைத் தவறவிடாமல் நடந்தாள்.

தேவகி வந்துபோன நான்காவது மாதத்தில் ஷகிலா தனியாக வந்தாள். என் மேசைக்கு முன் உட்கார்ந்து, தன் காலைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள்.

“அவ சாபம் வுட்டா மேடம். எனக்கும் செருப்பு நிக்க மாட்டேங்குது.”

என் பேனா நான்காவது வரியின்மேல் இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்ததும் அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

“மூட்டை வேலைன்னு போடாதீங்க மேடம். போன மாசம்தான் ஏஜெண்ட் பீஸ் ஜாஸ்தி குடுக்க ஆரம்பிச்சிருக்கான்.”

எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. தேவகியின் கால் நினைவுக்கு வந்தது. அந்த ஐந்து நிமிடத்தில் நான் செய்தவற்றை வரிசையாகவே சொல்கிறேன். மருத்துவரிடம் தனியாகச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். குணசீலன் கேட்டதை எழுதாமல் விடும் பழக்கம் இல்லாதவர். எழுதினால் ஆண்டுக் குழு அதைப் படிக்கும். படித்தால் இன்னொரு தெரு காலியாகும். அத்துடன், வீட்டில் செய்வது கொஞ்சம் வேலைதானே, தொழிற்சாலை அளவு இருக்காது என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆகவே வழக்கம்போல ‘இல்லத்தரசி’ என்று எழுதினேன். எழுதிவிட்டு, என் மனத்துக்காக ஒரு வார்த்தை சேர்த்தேன்: “கொஞ்ச நாளைக்கு அந்த வேலையக் கம்மி பண்ணும்மா.”

“சரிங்க மேடம்” என்றாள்.

உள்ளே பேனா மூடி நான்கு வரிகளையும் தொட்டு இறங்கியது. நான்காவதில் நிற்கவில்லை. சுத்தியல், அதிரும் கவை, ஓட்டுக் கோடு எல்லாம் நடந்தன. அறிகுறிகள் அதே. ஆனால் இல்லத்தரசிக்கு இந்த அறிகுறிகள் வந்தால் மருத்துவர் முதலில் நினைப்பது வேறு. உணவில் சத்துக் குறைவு என்று முடிவுசெய்து வைட்டமின் ஊசி எழுதினார். கதவருகே நின்றிருந்த எனக்கு அவர் கடைசியாகச் சொன்னது இன்றும் கேட்கிறது: “கால்ல பலம் வர்ற வரைக்கும் ரொம்ப நிக்க வேணாம்மா. வீட்ல ஒக்காந்து ரெஸ்ட் எடு.”

எட்டு மாதம் ஊசி போட்டோம். முதலில் வாரம் ஒன்று. பிறகு மாதம் ஒன்று. ஒவ்வொரு முறையும் நடை மோசமாகத்தான் இருந்தது. முதலில் தனியாக வந்தவள் பிறகு கணவனின் ஆட்டோவில் வந்தாள், பிறகு வரவில்லை. வராதவர்களின் பட்டியலை மாதக் கடைசியில் பார்ப்பது என் வேலை. அந்தப் பட்டியலை நான் எடுப்பதற்கு முன்பே தேவகி வந்துவிட்டாள். தன் காலைக் காட்ட வந்தவள் என்னிடம்தான் முதலில் வந்தாள்.

“ஷகிலா வர மாட்டா மேடம். சொவத்தப் புடிச்சினு போறா. நான் நடக்கறேன், அவ படுத்துட்டா.” சற்று நின்று சொன்னாள். “ரெண்டு பேருதும் ஒரே டப்பா தான மேடம்.”

அன்று பிற்பகல் நான் ஷகிலாவின் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டியதும் உள்ளிருந்து, “தொறந்துதான் இருக்குது, என்னால எழுந்து வர முடியாது, தள்ளிட்டு வாங்க” என்ற குரல் கேட்டது. தள்ளியதும் முதலில் வந்தது வாசனை. இனிப்பும் காரமும் கலந்த, மூக்கின் உள்ளே ஒட்டிக்கொள்ளும் வாசனை. அறை சிறியது. ஒரே ஜன்னல், அது சாத்தியிருந்தது, இடுக்கில் துணி அடைத்திருந்தது. ஷகிலா சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதங்கள் இரண்டும் அவளுக்குச் சொந்தமில்லாதவை போல முன்புறம் தொங்கிக் கிடந்தன. தொடைகளின்மேல் ஒரு பலகை. பலகையின்மேல் தோல் துண்டுகள். வலப்பக்கம் திறந்த டப்பா, அதில் தூரிகை. இடப்பக்கம் முடித்த கட்டுகள்.

நான் என்ன கேட்டேன் என்பது நினைவில்லை. அவள் சொன்ன பதில் நினைவிருக்கிறது.

“டாக்டர்தான மேடம் வூட்ல ஒக்காந்து ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரு. ஒக்காந்துனு செய்ற வேலை இது ஒண்ணுதான். நின்னு செய்றதெல்லாம் எங்க வூட்டுக்காரரே பாத்துக்கறாரு. முன்னாடி ரெண்டு கட்டு முடிப்பேன், இப்ப நாலு.”

ஜன்னலைத் திறக்கப் போனேன்.

“வேணாம் மேடம். காத்து பட்டா சொல்யூஷன் காஞ்சிடும். தூசு ஒட்னா பீஸைத் திருப்பிடுவான்.”

திறந்தேன். பிறகு சொன்னேன்: “இந்த வேலையக் கம்மி பண்ணச் சொல்லியிருந்தேனே ஷகிலா.”

அவள் தூரிகையை டப்பாவின் விளிம்பில் வழித்து வைத்தாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“சொன்னீங்க. ஏன்னு சொல்லலியே.”

மருத்துவமனைக்குத் திரும்பியதும் நேராகக் குணசீலனின் அறைக்குப் போனேன். வெள்ளைத் தாளை அவர்முன் வைத்து, நான்காவது வரி பொய் என்று சொன்னேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. முதன்முறையாகத் தாளுக்கு முன் என்னைப் பார்த்தார்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“முதல் நாளே தெரியும் சார்.”

பேனாவின் மூடியைப் போட்டு அழுத்தினார். அது சொடக்கென்று மூடும் ஓசை மட்டும் கேட்டது. அவர் திட்டியிருந்தால் நான் என் நியாயங்களைச் சொல்லியிருப்பேன். கன்னியம்மாவின் தெருவைச் சொல்லியிருப்பேன். அவர் அவற்றில் ஒன்றையாவது ஏற்றுக்கொண்டிருக்கவும் கூடும். அவர் ஆட்டோவை வரவழைத்து அன்றே ஷகிலாவைக் கூட்டிவரச் சொன்னார். தாளில் புதிய தேதியிட்டுச் சரியான நோயை எழுதினார். பாதத்தைத் தாங்கும் பட்டைகளுக்கு அளவெடுக்க ஏற்பாடு செய்தார். அவ்வளவுதான். மறுநாள் காலை முதல் நோயாளி உள்ளே போனபோது நான் கதவருகே நின்றிருந்தேன். மூடி முதல் மூன்று வரிகளைத் தொட்டது. பிறகு அவர் தலையை நிமிர்த்தி, “நீங்க இன்னா வேலை செய்றீங்கம்மா?” என்று கேட்டார். என் கையெழுத்து அவர் கண்ணெதிரே இருந்தது. ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு நோயாளியிடமும் அவர் அப்படித்தான் கேட்டார். வரிசை நீண்டது, மதிய உணவு நான்கு மணிக்குப் போனது. நான்காவது வரியைப் பற்றி, பின்னர் நானாகக் கேட்ட ஒரு முறையைத் தவிர, அவர் என்னிடம் மறுபடி ஒரு சொல்லும் பேசவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால், தவறு செய்தேன், திருத்திக்கொண்டேன் என்று இந்தக் கட்டுரையை நிறைவு செய்திருக்கலாம்.

ஷகிலாவின் கணவன் இழப்பீடு கேட்டு மனுக் கொடுத்தார். விசாரிக்க வந்த அதிகாரி மரியாதையான மனிதர், பொறுமையாகக் கேட்டார். ஏஜெண்டோ, அந்தப் பெண் யாரென்றே தெரியாது என்றார். மூட்டை வேலைக்கு ரசீது கிடையாது. வருகைப் பதிவேடு கிடையாது. அவள் அந்த வேலையைச் செய்தாள் என்பதற்கு இருக்கக்கூடிய ஒரே எழுத்துச் சான்று எங்கள் தாள்தான். அதிகாரி அதை என் முன் திருப்பி வைத்தார்.

“டாக்டர் பின்னாடி எழுதினது இருக்கு மேடம். ஆனா அது வியாதி வந்து எட்டு மாசம் கழிச்சு எழுதினது. முதல் பக்கத்துல இல்லத்தரசின்னு இருக்கே. இது எப்படி?”

ஷகிலா பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கால்களில் புதிய பட்டைகள். நான் மறுபடியும் எடைபோட்டேன். தெரிந்தே பொய் எழுதினேன் என்று சொன்னால் பல ஆண்டுகளின் வெள்ளைத் தாள்கள் அத்தனையும் பொய்யாகும். அட்டைதாரர்களுக்கு மருத்துவம் பார்க்கும் அனுமதியை மருத்துவமனை இழக்கக்கூடும். அப்போது மஞ்சள் தாளும் இல்லை, வெள்ளைத் தாளும் இல்லை. தெருக்களில் மூட்டைகள் மறையும். என்ன சொல்வதென்று முந்தின நாள் இரவே குணசீலனிடம் கேட்டிருந்தேன். “எழுதினவங்க நீங்க. சொல்ல வேண்டியதும் நீங்கதான்” என்பதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. ஒரு பக்கம் ஒரு பெண். மறுபக்கம் இத்தனை பேர். கணக்கு சரியாகத்தான் வந்தது.

“நோயாளி சொல்றதத்தான் சார் நாங்க எழுதுவோம்” என்றேன்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவள்தானே அப்படி எழுதச் சொன்னாள். அதிகாரி தலையாட்டிக் குறித்துக்கொண்டார். வேலை செய்ததற்கு ஆதாரம் இல்லை என்று மனு முடிக்கப்பட்டது. ஷகிலா என்னைப் பார்க்கவில்லை. குனிந்து பட்டையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். ஆட்டோ வரை அவளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனேன். ஏறி உட்கார்ந்த பிறகு, “நான்தான மேடம் போடாதீங்கன்னேன். வுடுங்க” என்றாள்.

நான் காப்பாற்றியதாக எண்ணிய வேலை இரண்டு ஆண்டுகளில் தானாகவே போயிற்று. மூட்டைகள் எங்கோ தொலைவிலுள்ள வேறு ஊர்களுக்குப் போய்விட்டன. அதற்கும் எந்தத் தாளுக்கும் தொடர்பில்லை. என் தராசின் மறுபக்கத்தில் நான் ஏற்றி வைத்திருந்தது அத்தனை இலேசானது. அதன் பிறகு நான் உண்மையை எழுதினேன் என்பது மெய்தான். ஆனால் நான் பழக்கிவிட்டவர்களிடம் போய், அன்று சொல்லிக் கொடுத்தது தவறு, இன்ன காரணத்தால் தவறு என்று சொல்லவில்லை. சொன்னால் ஷகிலாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆகவே அவர்கள் அப்படியே எழுதிக்கொண்டிருந்தார்கள். இப்போது திரையும் எழுதுகிறது.

விளைவுகளை எண்ணிப் பார்ப்பது நல்ல குணம் என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் என் எண்ணத்தில் எப்போதும் தொலைவில் இருந்தவர்கள் கூட்டமாகவும், எதிரில் இருந்தவள் ஒருத்தியாகவும் தெரிந்தார்கள். எதிரில் இருந்தவளிடம் அவள் காலைப் பற்றிய செய்தியைச் சொல்லி, அவளையே எடைபோட விட்டிருக்கலாம். அவள் என்ன முடிவெடுத்திருப்பாள் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் என் குற்றம்.

சுகன்யாவிடம் பட்டியலின் தலையில் உள்ள சொல்லை எடுத்துவிடச் சொன்னேன்.

“காலியா வுட்டா அடுத்த பக்கத்துக்குப் போவாது மேடம். நின்னுடும்.”

“நிற்கட்டும்” என்றேன். கேட்டு எழுதும்வரை நிற்கட்டும்.

இதை எழுதுவதற்கு முன் ஷகிலாவிடம் ஒப்புதல் கேட்கப் போனேன். நரம்பு பாதிதான் திரும்பியது. முழங்காலுக்குக் கீழே பட்டைகளோடு, சுவரைப் பிடிக்காமல், அதிக தூரம் இல்லாமல் நடக்கிறாள். தேவகியும் வந்து உட்கார்ந்தாள்.

“இப்ப இவ செருப்பே தொலைக்கறதில்ல மேடம்,” என்றாள். “போட்டாதான தொலைக்கறதுக்கு.”

“வாய மூடுடி” என்று ஷகிலா சிரித்தாள். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அன்று அதிகாரியிடம் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். அதைக் கேட்க எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தன. அவள் சிரிப்பு நின்றது. ஜன்னலைப் பார்த்தாள், அது திறந்திருந்தது.

“மன்னிச்சா கால் வருமா மேடம்? அத வுடுங்க. எழுதறதுன்னா எழுதுங்க.”

“உன் பேரை மாத்திடறேன்.”

“பேரு இருக்கட்டும். இந்த ஊர்ல எத்தினி ஷகிலா.” பட்டையின் வாரைத் தளர்த்திக் காலை நீட்டிக்கொண்டாள். “நான் வூட்ல சும்மா இருந்தேன்னு மட்டும் திருப்பி எழுதிடாதீங்க.”

பெயர், ஷகிலா. வயது, நாற்பத்தாறு. முகவரி, ஆம்பூர். தொழில், காலணி அப்பருக்குப் பசை தடவுதல். சாத்திய அறையில், ஒன்பது ஆண்டுகள்.